ஜாஸ் பாடகியரும் இசைத்தட்டுகளும்

நல்ல நூலைத் தேர்ந்து கற்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கூறுவதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நல்ல இசையையும் தேர்ந்தே கேட்க வேண்டும் என்று கூறுவோர் சிலரே. கண் செல்லும் வழியைக் கண்காணிக்கும் நாம், செவி செல்லும் வழியைப் பற்றிக் கவலை கொள்வதில்லை. வள்ளுவரோ கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்துச் சென்றார். ஆதலின், செவிக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளுதல் எவ்வாறு என்பது குறித்து இன்று சில சொல்ல விழைகின்றேன். அதற்கு எடுத்துக்காட்டாக நான் மேற்கொள்ளும் பொருள், அமெரிக்க நாட்டில் பிறந்த ஜாஸ் இசையும், அதனைப் பாடிய, இன்றும் பாடிவருகின்ற பெண்மணிகளின் இசைத்தட்டுகளும் ஆகும்.

இப்பொருளை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு, என்னிடம் பயின்ற மாணவர் ஒருவரின் மகள் என்னைக் காண வந்தாள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்பவள். கட்டுரைப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணத்தைக்கொண்டு ஐந்து இசைத்தட்டுகள் வாங்க எண்ணியிருந்தாள். “ஐயா, இக்காலத்தில் ஜாஸ் பாடும் பெண்களின் ஆல்பங்களில் சிறந்தவை ஐந்தைச் சொல்லுங்கள். அவற்றையே வாங்கிக்கொள்கிறேன்” என்றாள்.

தமிழாசிரியர் போலத் தோன்றும் ஒரு கிழவரிடம் இவ்வினாவை ஏன் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு ஐயம் எழலாம். 1970-களின் இறுதியில் நான் கல்லூரி மாணவனாய் இருந்தபோது, சிற்றலை வானொலியில் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ ஒலிபரப்பிய ஜாஸ் நிகழ்ச்சியை இரவுதோறும் கேட்டேன். வில்லிஸ் கானவர் என்பவர் அந்நிகழ்ச்சியை 1955-ஆம் ஆண்டு தொடங்கி, 1996-இல் மறையும் வரை நடத்தினார். அயல்நாட்டாருக்கும் விளங்குமாறு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகக் கூறுவார். ஆங்கிலத்தைச் செவ்வனே உச்சரிக்கக் கற்றுக்கொள்ளும் நோக்கத்துடன் கேட்கத் தொடங்கிய நான், நாளடைவில் இசையையும் கேட்கக் கற்றுக்கொண்டேன். இதனை அறிந்த என் மாணவர்தாம் மகளை என்னிடம் அனுப்பியிருந்தார்.

அப்பெண்ணுக்கு நான் உடனே விடை கூறவில்லை. “பட்டியல் தருகிறேன் அம்மா. ஆனால் அதற்கு முன்பு ஒரு வரலாற்றைக் கேட்க வேண்டும்” என்றேன். அவளுக்குக் கூறிய வரலாற்றையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

மிசிசிப்பி ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் துறைமுக நகரம் உள்ளது. ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அந்நகரின் காங்கோ சதுக்கத்தில் கூடி முழவு கொட்டி ஆடுவதுண்டு. 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது, இழிவு ஒழியவில்லை. ஆப்பிரிக்கத் தாளம், தேவாலயப் பாட்டு, வயலில் உழைப்போரின் பாட்டு, ஐரோப்பியர் படையணிகளின் எக்காளங்கள் ஆகியவை அந்நகரில் ஒன்றோடொன்று கலந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கலப்பு ஜாஸ் என்னும் உருப்பெற்றது. எழுதிவைத்த மெட்டைப் பற்றுக்கோடாகக் கொண்டு, இசைப்பவர் அந்நேரத்தில் தம் கற்பனையால் விரித்துச் செல்வதே அதன் உயிர். நம் வித்துவான்களின் மனோதர்மத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஜாஸ் இசை முதன்முதலாக இசைத்தட்டில் பதிவானது 1917-இல் ஆகும். பதிவு செய்தவர்கள் வெள்ளையர் குழுவினர் என்பது கருதத்தக்கது. இசையைத் தோற்றுவித்த கறுப்பின மக்களின் பெண் குரல் தட்டில் ஏறுவதற்கு மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மேமி ஸ்மித் என்பார் ‘ஓகே’ என்னும் நிறுவனத்திற்காக ‘கிரேஸி புளூஸ்’ என்ற பாட்டைப் பாடினார். அது மிகப் பெருமளவில் விற்பனையாயிற்று. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்னும் உண்மை அன்றுதான் வணிகர்களுக்குப் புலனாயிற்று. உடனே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பாடகியைத் தேடிப் புறப்பட்டது.

அவ்வாறு கண்டெடுக்கப்பட்டவருள் தலைசிறந்தவர் பெஸ்ஸி ஸ்மித். டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தெருவில் பாடிப் பிழைத்தவர். கூடாரங்களில் ஒலிபெருக்கியின்றிப் பாடி ஆயிரம் பேர் செவியை எட்டும் குரல் பெற்றிருந்தார். 1923-இல் கொலம்பியா நிறுவனத்திற்காக அவர் பாடிய முதல் தட்டே பெரும்புகழ் பெற்றது. ஆயினும், பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை அவருக்குக் கொடுக்கப்பட்டதேயன்றி, விற்பனைக்கு ஏற்ற பங்கு கொடுக்கப்படவில்லை. 1937-இல் மிசிசிப்பி மாநிலத்தில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் உயிர் துறந்தார். பிலடெல்பியா நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு இறுதி மரியாதை செலுத்தினர். எனினும் அவரைப் புதைத்த இடத்தில் 33 ஆண்டுகள் ஒரு கல் கூட இல்லை. 1970-இல், அவரைத் தம் வழிகாட்டியாகக் கருதிய ராக் இசைப் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சிறுமியாய் இருந்தபோது பெஸ்ஸியின் இல்லத்தில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீன் என்னும் அம்மையாரும் சேர்ந்து பணம் கொடுத்து ஒரு கல் நாட்டினர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஆல்பம் என்பது யாது என்று காண்போம். பழைய இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். பல தட்டுகளைச் சேர்த்து விற்க விரும்பியவர்கள், புகைப்படங்களை ஒட்டிவைக்கும் ஏடு போன்ற ஒன்றில் தட்டுகளைச் செருகி விற்றனர். அதனால் அதற்கு ஆல்பம் என்ற பெயர் வந்தது. 1948-இல் கொலம்பியா நிறுவனம், நிமிடத்திற்கு 33⅓ முறை மெல்லச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் பாட்டு அடங்கிற்று. ஏடு மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. உதிரிப் பூக்களாய் இருந்த பாட்டுகள் அன்றுமுதல் ஒரு மாலையாயின. எந்தப் பாட்டை முதலில் வைப்பது, எதனை இறுதியில் வைப்பது என்று சிந்திக்க வேண்டிய கடமை பாடுவோர்க்கு உண்டாயிற்று.

மற்றொரு மாறுதலும் நிகழ்ந்திருந்தது. 1925 வரையில் பாடுவோர் ஓர் ஊதுகுழலின் வாயை நோக்கி உரக்கப் பாட வேண்டும். அவ்வதிர்வே தட்டில் கீறப்படும். அவ்வாண்டில் மின்னாற்றலால் இயங்கும் ஒலிவாங்கி பதிவுக்கூடங்களில் புகுந்தது. மெல்லிய குரலும், மூச்சும், தயக்கமும் கூடப் பதிவாயின. கூடாரத்திற்குப் பாடிய பெஸ்ஸியின் காலம் போய், ஒருவர் செவிக்கு மட்டும் சொல்வது போலப் பாடும் காலம் வந்தது.

அக்காலத்தின் முதற்பெரும் பாடகி பில்லி ஹாலிடே (1915–1959). அவர் குரல் பெரிதன்று. எட்டும் எல்லையும் சிறிது. ஆனால் ஒரு சொல்லைத் தாளத்திற்குச் சற்றே பின்தங்கவைத்துக் கூறுவார். அச்சொல்லுக்கு ஒரு புதிய பொருள் பிறக்கும். 1938-இல் ஆர்ட்டி ஷா என்பவரின் வெள்ளையர் குழுவில் சேர்ந்து பாடினார். நியூயார்க்கில் தாம் பாடிய விடுதியிலேயே, விருந்தினர் செல்லும் மின்தூக்கியில் ஏறாமல் சுமை ஏற்றும் மின்தூக்கியில் செல்லுமாறு பணிக்கப்பட்டார்.

1939-இல் அவர் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்னும் பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ‘விந்தைக் கனி’ என்பது அதன் பொருள். தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை வழக்கும் விசாரணையும் இன்றிக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிலிட்டுக் கொல்லும் கொடுமை நிகழ்ந்துவந்தது. மரத்தில் தொங்கும் அவ்வுடலே அப்பாட்டின் கனி. அதனை இயற்றியவர் யார்? நியூயார்க்கில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர்! ஏபல் மீரோபோல் என்பது அவர் பெயர். அக்கொடுமையைக் காட்டும் ஒரு புகைப்படத்தைக் கண்டு உள்ளம் நைந்து எழுதிய அக்கவிதை, முதலில் ஆசிரியர் சங்க இதழில் 1937-இல் வெளிவந்தது. பில்லி வழக்கமாகப் பாடிவந்த கொலம்பியா நிறுவனம் அதனைப் பதிவு செய்ய முன்வரவில்லை. ‘கமடோர்’ என்னும் சிறு நிறுவனமே துணிந்து வெளியிட்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமரக்கூடிய ‘கஃபே சொசைட்டி’ என்னும் விடுதியில், இரவின் இறுதிப் பாட்டாக அதனைப் பாடுவார். பணியாளர் உணவு பரிமாறுவதை நிறுத்திவிடுவர், விளக்குகள் அணைக்கப்படும், அவர் முகத்தின் மேல் மட்டும் ஒளி விழும். பாட்டு முடிந்ததும் அவர் மேடையில் இருக்கமாட்டார்.

போதைப் பழக்கத்தால் 1947-இல் சிறை சென்ற பில்லி, மீண்டு வந்தபோது மது விற்கும் நியூயார்க் விடுதிகளில் பாடும் உரிமையை இழந்திருந்தார். குடியும் நோயும் குரலைச் சிதைத்தன. 1958-இல் வெளிவந்த ‘லேடி இன் சாட்டின்’ என்னும் ஆல்பத்தில் அச்சிதைந்த குரலைக் கேட்கலாம். அதனைக் கேட்கப் பொறாதவரும் உண்டு; அவர் பாடியவற்றுள் அதுவே உயர்ந்தது என்பாரும் உண்டு. குரல் உடைந்த பின்னரும் அவர் சொல் உடையவில்லை என்பதே என் கருத்து.

பில்லியிடம் சொல்லைக் கற்கலாம் என்றால், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டிடம் (1917–1996) தாளத்தையும் கற்பனையையும் கற்கலாம். 1934-இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் உள்ள அப்போலோ அரங்கில் புதியோர்க்கான போட்டி நடந்தது. ஆடுவதற்காக மேடையேறிய பதினேழு வயதுப் பெண், தமக்கு முன் ஆடியவர்களின் திறத்தைக் கண்டு அஞ்சி, ஆடுவதை விட்டுப் பாடினார், பரிசு பெற்றார். அப்பெண்ணே எல்லா. 1956 முதல் 1964 வரை, கோல் போர்ட்டர், டியூக் எலிங்டன், கெர்ஷ்வின் உடன்பிறப்புகள் முதலிய பாடலாசிரியர்க்கு ஒவ்வொரு தொகுதியாக எட்டுத் தொகுதிகளைப் பாடினார். நாடகத்தோடும் திரைப்படத்தோடும் மறைந்திருக்கக்கூடிய பாட்டுகள், இலக்கியம் போல் நிலைபெற்றமைக்கு இத்தொகுதிகள் ஒரு பெருங்காரணம். 1960-இல் பெர்லின் நகரில் பாடும்போது பாட்டின் சொற்கள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. தாமே சொற்களைப் புனைந்து பாடி முடித்தார். அத்தட்டு பரிசும் பெற்றது!

மூன்றாமவர் சாரா வான் (1924–1990). தேவாலயத்தில் இசைக்கருவி வாசித்துப் பழகியவர். ஆழ்ந்த மந்தரத்திலிருந்து உயர்ந்த தாரம் வரை தடையின்றி இயங்கும் குரல் அவருடையது. 1954-இல் கிளிஃபர்ட் பிரவுன் என்னும் எக்காளக் கலைஞரோடு அவர் பாடிய ஆல்பத்தில், குரல் எது, கருவி எது என்று மயங்கும் இடங்கள் உண்டு. சொல், கற்பனை, நாதம் ஆகிய மூன்றுக்கும் இம்மூவரை அளவுகோலாகக் கொள்வது என் வழக்கம்.

இவர்களுக்குப் பின் வந்தோர் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தனர். அதுவே உரிமைக் குரல். 1960-இல் மேக்ஸ் ரோச் என்னும் முழவுக் கலைஞரின் ‘வீ இன்சிஸ்ட்’ என்ற ஆல்பத்தில் ஆபி லிங்கன் பாடினார். ஓரிடத்தில் சொல்லே இன்றிக் கதறினார். 1963-இல் பர்மிங்ஹாம் நகரத் தேவாலயத்தில் வெடிகுண்டுக்கு நான்கு சிறுமியர் இரையானபோது, நீனா சிமோன் சினந்து ஒரு பாட்டு இயற்றினார். பெட்டி கார்ட்டரோ வேறொரு வழியில் உரிமையை நாட்டினார். பெரிய நிறுவனங்கள் அவரைப் பொருட்படுத்தாதபோது, 1970-ஐ ஒட்டிச் சொந்தமாகவே ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கித் தம் தட்டுகளைத் தாமே வெளியிட்டார். இளங்கலைஞர்களைத் தம் குழுவில் சேர்த்துப் பயிற்றி அனுப்பினார். அவ்வகையில் அவரும் ஓர் ஆசிரியரே.

இவ்வளவும் கேட்ட பின், இக்காலத்தவரிடம் வருவோம். இப்பொழுது அவர்களை நாம் வெறுங்கையோடு அணுகவில்லை அன்றோ!

கசாண்ட்ரா வில்சன் 1955-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். 1993-இல் வெளிவந்த ‘புளூ லைட் டில் டான்’ என்னும் ஆல்பத்தில், ஜாஸ் பாடகியர்க்கு வழக்கமான பியானோவை ஒதுக்கி, கிட்டார்களையும் தாளக் கருவிகளையும் முன்வைத்தார். தம் மாநிலத்துப் பழைய புளூஸ் பாட்டுகளையும் புதிய நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளையும் அருகருகே வைத்தார். பின் வந்த பலர்க்கு அது வழி திறந்தது. 1995-இல் வெளிவந்த ‘நியூ மூன் டாட்டர்’ என்னும் ஆல்பத்தை அவர் தொடங்குவது எதனைக் கொண்டு? பில்லியின் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டைக் கொண்டு. அதே பாட்டை நீனா சிமோன் 1965-இல் பாடியுள்ளார். டீ டீ பிரிட்ஜ்வாட்டர் 2010-இல் பில்லிக்குக் காணிக்கையாக வெளியிட்ட ஆல்பத்தில் பாடியுள்ளார். எழுபது ஆண்டுகளில் ஒரே பாட்டை நான்கு பெண்கள் பாடிய இந்நான்கு தட்டுகளை வரிசையாகக் கேட்பவன், ஒரு நாட்டின் வரலாற்றில் நான்கு இயல்களைக் கற்றவனாவான்.

டயான் ரீவ்ஸ் 2001-இல் வெளியிட்ட ‘தி காலிங்’ சாரா வானுக்குச் செலுத்திய வணக்கம். அவர் சாராவைப் போல் பாட முயலவில்லை. சாரா நடந்த பாதையில் தம் நடையில் நடந்தார். கனடா நாட்டில் பிறந்த டயானா கிரால் தாமே பியானோ வாசித்துப் பாடுபவர். 1996-இல் வெளிவந்த அவருடைய ‘ஆல் ஃபார் யூ’, முழவின்றிப் பியானோ, கிட்டார், பேஸ் ஆகிய மூன்று கருவிகளோடு நாட் கிங் கோல் நடத்திய குழுவின் மரபை மீட்டுத் தந்தது.

நோரா ஜோன்ஸ் என்னும் பெயரை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். சிதார் மேதை ரவிசங்கரின் மகள். அவருடைய முதல் ஆல்பமாகிய ‘கம் அவே வித் மீ’ 2002-இல் வெளிவந்து, பல கோடி மக்களைச் சென்றடைந்தது. மறு ஆண்டு கிராமி விழாவில் அவ்வாண்டின் சிறந்த ஆல்பம் என்னும் பரிசையும் பெற்றது. அதனை வெளியிட்டது, 1939 முதல் ஜாஸ் இசைக்கே பெயர்பெற்ற புளூ நோட் நிறுவனம். ஆயினும் அது ஜாஸ்தானா என்னும் வினா அன்றே எழுந்தது. அதில் நாட்டுப்புறச் சாயலே மிகுதி. இனிய ஆல்பம் என்பதில் ஐயமில்லை. இனிமை வேறு; இனம் வேறு. ஜாஸ் பயிலத் தொடங்குபவர் இதனை வாயிலாகக் கொள்ளலாம், வீடாகக் கொள்ளலாகாது.

எஸ்பெரான்சா ஸ்பால்டிங் 1984-இல் பிறந்தவர். பேஸ் என்னும் பெரிய தந்திக் கருவியை மீட்டிக்கொண்டே பாடுபவர். 2011-இல் கிராமி விழாவில் சிறந்த புதிய கலைஞர் என்னும் பரிசைப் பெற்ற முதல் ஜாஸ் கலைஞர். செசில் மெக்லோரின் சால்வண்ட் 1989-இல் மயாமியில், ஹெயிட்டியரான தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் பிறந்தவர். ஜாஸ் பயின்றது பிரான்சில். மக்கள் மறந்த பழம்பாட்டுகளைத் தேடியெடுத்துப் பாடுவது அவர் இயல்பு. 2013-இல் வெளிவந்த ‘வுமன்சைல்ட்’ ஆல்பத்தில் பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டும் உண்டு. பெண்ணை இழிவுபடுத்தும் பழைய பாட்டைக்கூட எடுத்து, அவ்விழிவு நமக்கு உறைக்குமாறு பாடிக்காட்டுவார். 2018-இல் வெளிவந்த ‘தி விண்டோ’ ஆல்பத்தில் பெரும்பாலும் அவர் குரலும் சல்லிவன் ஃபோர்ட்னரின் பியானோவும் மட்டுமே. 1950-இல் எல்லா, எல்லிஸ் லார்க்கின்ஸ் என்பவரின் பியானோவை மட்டும் துணைகொண்டு கெர்ஷ்வின் பாட்டுகளைப் பாடினார். அதனையும் இதனையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

இளையவர் சமாரா ஜாய். 1999-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தவர். பாட்டன் பாட்டி தேவாலய இசை பாடியவர்கள். கல்லூரியில் சேர்ந்த பின்னரே ஜாஸ் இசையை ஊன்றிப் பயின்றார். 2019-இல் சாரா வான் பெயரால் நடைபெறும் போட்டியில் வென்றார். 2022-இல் வெளிவந்த ‘லிங்கர் அவைல்’ ஆல்பத்தில், சாராவின் புகழ்பெற்ற ‘மிஸ்டி’ பாட்டைத் துணிந்து பாடினார். ஃபேட்ஸ் நவாரோ என்பவர் 1940-களில் எக்காளத்தில் வாசித்த கற்பனைக்குத் தாமே சொல் அமைத்தும் பாடினார். நவாரோ 26 வயதில் மறைந்தவர். கருவி பேசியதைப் பெண் ஒருத்தி எழுபது ஆண்டுகள் கழித்துச் சொல்லாக்கினாள்.

சரி, தேர்ந்தெடுக்கும் முறைதான் யாது? நான் கடைப்பிடிப்பவை நான்கு.

முதலாவது, ஒரு பாட்டை இரு குரலில் கேட்க வேண்டும். புதியவர் பாடியதன் அருகே பழையவர் பாடியதை வைத்துக் கேளுங்கள். புதியவர் முன்னவரை அப்படியே பின்பற்றுகிறாரா, அறியாமலே பாடுகிறாரா, அறிந்து தம் வழி செல்கிறாரா என்பது உடனே புலப்படும். மூன்றாம் வகையினரையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, உடன் இசைப்பவர் யாவர் என்று உறையின் பின்புறத்தில் பாருங்கள். ஜாஸ் உரையாடல் போன்றது. தனியே பேசுபவரைவிட, பிறர் பேசவிட்டுக் கேட்பவரே சிறந்த பாடகி.

மூன்றாவது, முழுமையாகக் கேளுங்கள். இன்று கைப்பேசியில் பாட்டுகள் உதிரியாக வந்து விழுகின்றன. நாமும் ஒரு பாட்டின் பாதியிலேயே அடுத்ததற்குத் தாவிவிடுகிறோம். ஆல்பத்தை அமைத்தவர் வைத்த வரிசையில் ஒருமுறையேனும் கேளாமல் அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல், நூலின் நடுவில் இரண்டு பக்கம் படித்துவிட்டு மதிப்புரை எழுதுவதை ஒக்கும்.

நான்காவது, பரிசைச் சான்றாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். பெட்டி கார்ட்டர் நாற்பது ஆண்டுகள் பாடிய பின்னரே கிராமி பரிசு பெற்றார். பரிசு வரும் வரை காத்திருந்தவர்கள் அவருடைய நல்ல ஆண்டுகளை இழந்தனர்.

இவ்வளவும் கூறிய பின், அப்பெண்ணுக்குப் பட்டியல் கொடுத்தேன். வில்சனின் ‘நியூ மூன் டாட்டர்’, ரீவ்ஸின் ‘தி காலிங்’, கிராலின் ‘ஆல் ஃபார் யூ’, சால்வண்டின் ‘தி விண்டோ’, ஜாயின் ‘லிங்கர் அவைல்’ ஆகிய ஐந்து. அவள் குறித்துக்கொண்டு சென்றாள்.

இரண்டு திங்கள் கழித்து மீண்டும் வந்தாள். ஐந்து வாங்கியிருந்தாள், ஆனால் கிராலின் ஆல்பம் அதில் இல்லை. அதற்கு மாறாக, எஸ்பெரான்சா ஸ்பால்டிங் 2010-இல் வெளியிட்ட ‘சேம்பர் மியூசிக் சொசைட்டி’ இருந்தது. காரணம் கேட்டேன்.

“ஐயா, நீங்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் முதலில் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன ஐந்தும் பழைய பாட்டுகளையே பெரிதும் நம்பி நிற்கின்றன. எல்லோரும் பழைய பாட்டையே பாடினால், இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பாடுவதற்குப் பழைய பாட்டு எங்கிருந்து வரும்? ஸ்பால்டிங் பெரும்பாலும் தாமே இயற்றிப் பாடுகிறார். முதற்பாட்டில் நான் வகுப்பில் படித்த வில்லியம் பிளேக்கின் கவிதைக்கு இசை அமைத்திருக்கிறார்” என்றாள்.

நான் சிறிது நேரம் விடை கூறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவனுக்கு, மாணவர் தன்னைத் திருத்தும் கணம் எளிதன்று. ஆனால் அவள் கூறியது மெய். ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ 1939-இல் புதிய பாட்டு அன்றோ! பில்லி அன்று பழைய பாட்டுகளோடு அமைந்திருந்தால், வில்சனுக்கும் பிரிட்ஜ்வாட்டருக்கும் பாட அப்பாட்டு இருந்திராது. பழையதை அருகில் வைத்து அளக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த நான், அளவுகோலையே பொருளாக எண்ணிவிட்டேன். என் நான்கு விதிகளோடு ஐந்தாவதாக அவள் விதியையும் சேர்த்துக்கொண்டேன். வாங்கும் ஐந்தில் ஒன்றேனும், பாடுபவர் தாமே இயற்றிய பாட்டுகள் கொண்டதாக இருக்கட்டும்.

மாணவச் செல்வர்களே, பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லில்லாத புதைகுழியை நினைவில் வைக்கச் சொன்னேன். அவர் குரல் அந்த 33 ஆண்டுகளிலும் அழியாமல் இருந்தது எதனால்? யாரோ சிலர் அவருடைய தட்டுகளைத் தேர்ந்து வாங்கினர், பாதுகாத்தனர், பிறர்க்குப் போட்டுக் காட்டினர். கேட்பார் இல்லாத தட்டை எந்த நிறுவனமும் மறுபடி அச்சிடாது. ஆகவே தேர்ந்தெடுத்தல் என்பது நம் பொழுதுபோக்கை மட்டும் பொறுத்த செயல் அன்று. எவர் குரல் நிலைக்கும், எவர் குரல் மறையும் என்பதில் கேட்பவருக்கும் பங்கு உண்டு.

இன்றிரவு ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். ‘மிஸ்டி’ என்னும் பாட்டைச் சாரா வான் குரலில் ஒருமுறை கேளுங்கள். பிறகு சமாரா ஜாய் குரலில் கேளுங்கள். இருவரும் எங்கே ஒன்றாய்ச் செல்கின்றனர், எங்கே பிரிகின்றனர் என்று ஒரு தாளில் குறியுங்கள். குறிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றினால், மறுபடியும் கேளுங்கள்.